முள் அசையாத மானி

என் கையால் கழற்றிய ஒரு நட்டைப் பற்றி எழுத விரும்புகிறேன். எண்ணெய்ப் பிசுக்கேறிய சிறு நட்டு அது. அதைக் கழற்ற எனக்கு அரை நிமிடம் போதுமாயிருந்தது. கழற்றியது தவறென்று தெரிய ஐந்து வாரங்கள் ஆயின. அதற்குள் ஒரு முதியவர் கண்ணெனக் காத்த வண்டி தீப்பற்றும் நிலைக்குப் போய்விட்டது.

2011 முதல் 2016 வரை ஐந்து ஆண்டுகள் அமெரிக்க நாட்டின் மிச்சிகன் மாநிலத்தில், டெட்ராய்ட் மாநகருக்கு வடக்கே உள்ள ஒரு சிற்றூரில் பங்குப் பணியாற்றினேன். குருக்கள் குறைந்துபோன அந்நாட்டு மறைமாவட்டங்களுக்கு நம்மவர்கள் சென்று பணியாற்றுவது வாசகர்கள் அறிந்ததே. அந்தப் பங்கில் நெடுங்காலம் இருந்து ஓய்வுபெற்ற ஒரு தந்தையின் இடத்தில் நான் பொருத்தப்பட்டேன். பொருத்தப்பட்டேன் என்ற சொல்லைத் தெரிந்தேதான் எழுதுகிறேன். என் ஆங்கில உச்சரிப்பு அவர்கள் செவிக்குப் பழகவில்லை; அவர்கள் பனி என் எலும்புக்குப் பழகவில்லை. திருப்பலி முடிந்ததும் மக்கள் புன்னகையோடு கைகுலுக்கிவிட்டு, பழைய தந்தையின் உடல்நலத்தைப் பற்றி என்னிடமே விசாரிப்பார்கள். வேற்று வண்டிக்குச் செய்த உதிரிப் பாகம் போல நான் இருந்தேன்.

முதற் குளிர்காலத்தில் ஒரு நாள், வெப்பநிலை சுழியத்திற்குக் கீழே 15 பாகை செல்சியசுக்கு இறங்கியிருந்த காலையில், பங்கு வண்டி கிளம்பவில்லை. சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். எப்போதும் கடைசி இருக்கையில் அமர்ந்து, இறுதி ஆசீர் முடிந்தவுடன் யாரிடமும் பேசாமல் வெளியேறும் முதியவர் ஒருவர் அருகில் வந்து நின்றார்.

"ஃபாதர், உங்கள் ஊரில் பனி உண்டா?"

"இல்லை. வெயில் மட்டுமே உண்டு."

"அப்படியானால் அந்தப் பாட்டரிக்கு இனி மறையுரை சொல்லிப் பயனில்லை. அது இறந்துவிட்டது. என் கொட்டகையில் வேறொன்று இருக்கிறது, வாருங்கள்."

அவருடைய முன்னோர் போலந்து நாட்டிலிருந்து குடியேறியவர்கள். அவர் கார்த் தொழிற்சாலையில் தகடு அழுத்தும் பிரிவில் முப்பத்தேழு ஆண்டுகள் உழைத்து ஓய்வுபெற்றவர். மனைவி 2009-இல் இறந்துவிட்டார். ஒரே மகன் தொலைவில், அரிசோனாவில். இவ்வளவையும் அவர் அன்று சொல்லவில்லை. அன்று அவர் எனக்குக் காட்டியது கொட்டகையின் நடுவில் தார்ப்பாய் போர்த்திக் கிடந்த ஒரு வண்டியை மட்டுமே. போர்வையை அவர் நீக்கியபோது, சிவப்பும் துருவுமாக, நீண்ட மூக்கோடு ஒரு கார் என்னைப் பார்த்தது. 1968-இல், தம் இளமையில், முதற் சேமிப்பைக் கொண்டு அவர் புதிதாக வாங்கியது அது.

'மசில் கார்' என்று அமெரிக்கர்கள் இவ்வினத்தை அழைப்பார்கள். முறுக்கேறிய தசையுடைய பயில்வான் வண்டி என்று கொள்ளலாம். பாண்டியாக் நிறுவனம் 1964-ஆம் ஆண்டு மாதிரியாக வெளியிட்ட ஜி.டி.ஓ. வண்டியே இவ்வினத்தின் தொடக்கம் என்பது பலருடைய கருத்து. நடுத்தர அளவுள்ள குடும்ப வண்டிக்குள், பெரிய வண்டிக்கு உரிய எட்டு சிலிண்டர் எஞ்சினை வைத்தார்கள். அதன் கொள்ளளவு 389 கன அங்குலம், அதாவது ஏறத்தாழ 6.4 லிட்டர், ஆற்றல் 325 குதிரைத் திறன். நம் பழைய அம்பாசிடர் வண்டியின் எஞ்சின் ஒன்றரை லிட்டர்தான் என்பதை நினைத்துப் பார்த்தால் இதன் அளவு விளங்கும். விலை மட்டும் இளைஞர்களுக்கு எட்டுவதாக இருந்தது. செவர்லே ஷெவெல், டாட்ஜ் சார்ஜர், பிளிமத் ரோட் ரன்னர் என்று போட்டி பெருகியது. ஆனால் அந்தக் காலம் பத்தாண்டுகூட நீடிக்கவில்லை. காப்பீட்டுக் கட்டணம் ஏறியது. 1970-இல் காற்றுத் தூய்மைச் சட்டம் வந்தது. 1973-இல் எண்ணெய் நெருக்கடி வந்தது. பயில்வான்கள் ஓய்ந்தார்கள். வண்டிகள் மட்டுமா? செய்தவர்களின் பெயர்களும் மறைந்தன. பிளிமத் 2001-இலும், ஓல்ட்ஸ்மொபைல் 2004-இலும், பாண்டியாக் 2010-இலும் முடிவுக்கு வந்தன.

முதியவரின் வண்டியைச் செய்த நிறுவனத்தின் பெயரை நான் எழுதவில்லை. நான் சொல்லப் போகும் கதையில் குற்றம் நிறுவனத்துடையதன்று.

அந்த நாள் முதல் வாரத்தில் ஒரு மாலை அவருடைய கொட்டகைக்குப் போவது எனக்கு வழக்கமாயிற்று. தொடக்கத்தில் என் வேலை டார்ச் விளக்கைப் பிடிப்பது. பின்னர் ஸ்பானர் எடுத்துக் கொடுப்பதற்குப் பதவி உயர்வு கிடைத்தது. ஒருநாள் இடப்புறச் சக்கரத்தைக் கழற்றச் சொன்னார். நட்டை வழக்கம்போல இடப்புறமாகத் திருகினேன். அசையவில்லை. ஸ்பானரின் மேல் ஏறி நின்றேன். மேலும் இறுகியது. அவர் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். அக்காலத்தில் சில வண்டிகளில் இடப்புறச் சக்கரங்களுக்கு மட்டும் எதிர்மரை வைத்திருந்தார்களாம். ஓடும் வேகத்தில் நட்டு தானே தளர்ந்துவிடக் கூடாது என்பது அதன் நோக்கம். "வலிமையால் கழற்ற முயன்றால் ஆணி முறியும், ஃபாதர். இது எந்தப் பக்கம் திரும்பும் என்று முதலில் அதைக் கேட்க வேண்டும்."

இப்படிப் பல குணங்கள் அந்த வண்டிக்கு இருந்தன. ஒரு சமயம், சாவியைத் திருப்பிப் பிடித்திருக்கும் வரை எஞ்சின் ஓடும். கையை எடுத்தவுடன் நின்றுவிடும். எனக்கு அது பேய் வேலையாகத் தோன்றியது. அவர் தடுப்புத் தகட்டில் இருந்த வெள்ளைப் பீங்கான் துண்டு ஒன்றைச் சுட்டினார். சுண்டுவிரல் அளவுள்ள அந்த மின்தடை, ஓடும்போது காயிலுக்குச் செல்லும் மின்னழுத்தத்தைக் குறைத்துக் கொடுக்கிறது. கிளப்பும்போது மட்டும் மின்சாரம் அதைத் தவிர்த்து நேரே செல்கிறது. அது வெடித்துப்போனால் வண்டி கிளம்பும், ஆனால் ஓடாது. சில டாலர் பொருள். அத்தகைய வண்டி வைத்திருப்போர் உபரியாக ஒன்றைக் கையுறைப் பெட்டியில் போட்டு வைத்திருப்பார்களாம். இன்னொரு தொல்லை எரிபொருளால் வந்தது. ஈயம் கலந்த பெட்ரோலுக்கென்று செய்த எஞ்சின் அது. சாலை வண்டிகளுக்கு அந்தப் பெட்ரோல் 1996 தொடக்கத்திலிருந்து அந்நாட்டில் முற்றாகத் தடைசெய்யப்பட்டுவிட்டது. வால்வு அமரும் இடத்தைத் தேயாமல் காத்தது அந்த ஈயமே. எனவே அவ்விடத்தில் கடினமான எஃகு வளையங்களைப் புதிதாகப் பதிக்க வேண்டியிருந்தது. இக்காலப் பெட்ரோலில் கலக்கும் எத்தனால் பழைய ரப்பர்க் குழாய்களை அரித்தது. அவற்றையும் மாற்றினார்.

உதிரிப் பாகங்களுக்கு மூன்று ஊற்றுகள் உண்டு. முதலாவது 'பழைய புதுச்சரக்கு': அக்காலத்திலேயே செய்யப்பட்டு, விற்காமல் கிடங்கில் தங்கி, பெட்டி பிரிக்கப்படாமல் இன்றுவரை இருப்பது. இதற்கு மதிப்பும் விலையும் மிகுதி. இரண்டாவது, பழையதைப் பார்த்து இன்று வார்க்கும் நகல். பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும். துளைகள் நூலிழை விலகியிருக்கும். அரத்தை எடுத்துப் பொறுமையாக இழைத்தால் பொருந்திவிடும். மூன்றாவது, பழைய வண்டிக் காடுகளில் கிடக்கும் வண்டிகளிலிருந்து கழற்றியெடுப்பது. ஒரு வண்டி தன்னைப் பகுதி பகுதியாகக் கொடுத்துப் பத்து வண்டிகளை ஓட வைக்கும். முதியவர் முதல் வகையை மட்டுமே மதித்தார். வண்டி 1968-இல் தொழிற்சாலையை விட்டு வெளிவந்த நாளில் எப்படி இருந்ததோ, அப்படியே அதை மீட்க வேண்டும் என்பது அவருடைய நோன்பு. பின்னிருக்கையின் கம்பிச் சுருள்களுக்கிடையே, தொழிற்சாலையில் யாரோ செருகிவிட்டுப் போன தாள் ஒன்றை அவர் கண்டெடுத்திருந்தார். அந்த வண்டியில் எந்தெந்தப் பாகம் பொருத்தப்பட வேண்டும் என்று குறியீடுகளால் சொல்லும் தாள் அது. எலி கடித்து ஓரம் சிதைந்திருந்த அதைக் கண்ணாடிச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டியிருந்தார். "இது என் நற்செய்தி நூல்" என்பார் வேடிக்கையாக. நகலை ஒதுக்கிய அவர், நகற்குருவாகிய என்னை மட்டும் எப்படி ஏற்றார் என்று கேட்டேன். "நீங்கள் இழைக்க இழைக்கப் பொருந்துகிறீர்கள்" என்றார்.

இனி அம்மீட்டர் கதைக்கு வருகிறேன்.

டாஷ்போர்டின் ஓரத்தில் ஒரு வட்ட மானி. பாட்டரிக்கு மின்சாரம் ஏறுகிறதா, அதிலிருந்து இறங்குகிறதா என்று காட்டும் அம்மீட்டர் அது. அதன் முள் நடுவில் நின்றது நின்றபடியே இருந்தது. எஞ்சினை விரைவாக ஓடவிட்டாலும் அசையாது. எஞ்சின் பக்கம் பார்த்தால், ஆல்டர்னேட்டரிலிருந்து பாட்டரிப் பக்கத்திற்கு நேராக ஒரு தடித்த சிவப்புக் கம்பி ஓடியது. தாளில் அப்படியொரு கம்பி இல்லை.

"அது என் மகன் செய்த வேலை" என்றார் முதியவர். "அவன்தான் மானியைக் கொன்றான்."

கொஞ்சம் கொஞ்சமாகச் செய்தி வெளிவந்தது. ஒப்புரவு அருள்சாதனத்தில் கேட்ட எதையும் நான் இங்கே எழுதவில்லை. கொட்டகையில், ஸ்பானர் சத்தத்திற்கிடையே கேட்டதையே, அவருடைய இசைவு பெற்று எழுதுகிறேன். 1986-இல் மகனுக்கு இருபது வயது. தந்தை வெளியூர் சென்றிருந்த ஒரு வார இறுதியில் அந்தக் கம்பியை இணைத்திருக்கிறான். திரும்பி வந்த தந்தை அசையாத முள்ளைப் பார்த்தார். காரணம் கேட்கவில்லை. பதினெட்டு ஆண்டுகள் காத்த வண்டியை ஒரே நாளில் கெடுத்துவிட்டாய் என்றார். இனி என் கருவிகளைத் தொடாதே என்றார். அதற்கு மேலும் சில சொற்களைச் சொன்னார். அவற்றை அவர் என்னிடம் திருப்பிச் சொல்லவில்லை. அந்த இலையுதிர் காலத்தில் மகன் வீட்டை விட்டுப் போனான். ஒரு கம்பிக்காக மட்டும் யாரும் வீட்டை விட்டுப் போவதில்லை. அதற்கு முன்னும் பல கம்பிகள் அறுந்திருக்க வேண்டும். ஆனால் அந்த மாலையே கடைசி. தந்தை வண்டிக்குத் தார்ப்பாயைப் போர்த்தினார், அதன்பின் ஓட்டவில்லை. கிறிஸ்து பிறப்பு வாழ்த்து அட்டைகள் வந்தன, போயின. தாயின் அடக்கத்திற்கு வந்த மகன் அன்று மாலையே விமானம் ஏறினான். மனைவி போன வெறுமையில்தான் முதியவர் தார்ப்பாயை மீண்டும் நீக்கினார்.

வேறு அம்மீட்டருக்காக அவர் நான்கு ஆண்டுகள் தேடினார். 2013-இன் இலையுதிர் காலத்தில் பென்சில்வேனியா மாநிலத்தின் கார்லைல் சந்தைக்கு என்னையும் அழைத்துச் சென்றார். எட்டு மணி நேரப் பயணம். 1974 முதல் அவ்வூர்ப் பொருட்காட்சித் திடலில் பழைய கார்களுக்கும் உதிரிப் பாகங்களுக்கும் சந்தை கூடுகிறது. கண்ணுக்கு எட்டிய தூரம் வரை விரிப்புகள். அவற்றின் மேல் கதவுப் பிடிகள், விளக்குக் கண்ணாடிகள், கார்புரேட்டர்கள், பெயர் தெரியாத இரும்புத் துண்டுகள். வேண்டிய பொருளின் பெயரை அட்டையில் எழுதி முதுகில் தொங்கவிட்டுக்கொண்டு நடக்கும் முதியவர்கள். எனக்கு நம் வேளாங்கண்ணித் திருவிழா நினைவுக்கு வந்தது. அங்கும் மக்கள் தம் தேவையைத் தாங்கிக்கொண்டுதானே நடக்கிறார்கள்! இரண்டாம் நாள் பிற்பகலில், பழுப்பேறிய அட்டைப் பெட்டிக்குள், மெழுகுத்தாள் சுற்றிய நிலையில் அது கிடைத்தது: பழைய புதுச்சரக்கு. விலை பேசாமல் எண்ணிக் கொடுத்தார். வரும் வழியெல்லாம் பெட்டியை மடியில் வைத்திருந்தார்.

புதிய மானியைப் பொருத்தினோம். எஞ்சினைக் கிளப்பினோம். முள் அசையவில்லை.

அவர் முகம் இருண்டது. "பார்த்தீர்களா? குற்றம் அந்தக் கம்பியில்தான்" என்றார். எஞ்சின் பக்கம் அவருடைய கை எட்டவில்லை, முதுகுவலி. "ஃபாதர், அந்த நட்டைக் கழற்றுங்கள்." கழற்றினேன். கம்பியை உருவி, ஆணிகள் போட்டு வைக்கும் காப்பித் தகரத்திற்குள் எறிந்தேன். மீண்டும் எஞ்சின் ஓடியபோது முள் உயிர்பெற்று வலப்புறம் ஏறியது. முதியவர் கைதட்டினார். நானும் தட்டினேன். அவர் வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும், இருபத்தேழு ஆண்டுகளாக நடந்த ஒரு வழக்கில் அன்று தீர்ப்புக் கிடைத்துவிட்டது போல நிமிர்ந்து நின்றார். தீர்ப்பில் கையொப்பம் இட்டவன் நான்.

ஐந்து வாரங்களுக்குப் பின், நவம்பர் மாதத் தொடக்கத்தில், இறந்தோர்க்கான திருப்பலி முடிந்த மாலை. பனி விழுவதற்கு முன் கடைசியாக ஒரு முறை ஓட்டிப் பார்ப்போம் என்று என்னை ஏற்றிக்கொண்டார். இருட்டிவிட்டது, முகப்பு விளக்குகள் எரிந்தன. குளிருக்கு வெப்பக் காற்றாடியும் சுழன்றது. தூறலுக்குக் கண்ணாடித் துடைப்பானும் ஓடியது. பத்து நிமிடம் சென்றிருப்போம். பிளாஸ்டிக் கருகும் வாடை வந்தது. டாஷ்போர்டின் அடியிலிருந்து மெல்லிய புகை இழை ஒன்று என் முழங்காலை வருடியது. அவர் வண்டியை ஓரங்கட்டி, என்னை வெளியே தள்ளாத குறையாக இறக்கி, எஞ்சின் மூடியைத் திறந்து பாட்டரியின் இணைப்பைப் பிடுங்கினார். தீ பிடிக்கவில்லை. ஆண்டவர் காத்தார்.

மறுநாள் காரணம் தெரிந்தது. அவ்வகை வண்டிகளில் ஆல்டர்னேட்டர் ஆக்கும் மின்சாரம் எஞ்சின் அறைக்கும் பயணிகள் அறைக்கும் இடையிலுள்ள தடுப்புத் தகட்டைத் தாண்டி உள்ளே வருகிறது. பாட்டரிக்குச் சேர வேண்டியது அம்மீட்டரைக் கடந்து, அதே தகட்டைத் தாண்டி வெளியேறுகிறது. தாண்டும் இடத்தில் ஒரு பிளாஸ்டிக் இணைப்புக் கட்டை. அதற்குள் சிறு தட்டை முனைகள். புதிதாயிருந்தபோது அவை தம் கடமையைச் செய்தன. ஆண்டுகள் செல்லச் செல்ல முனைகளில் களிம்பேறுகிறது. களிம்பு மின்சாரத்தைத் தடுக்கிறது. தடுக்கும் இடம் சூடாகிறது. சூட்டில் கட்டை உருகுகிறது. மகன் இட்ட சிவப்புக் கம்பி மின்சாரத்திற்கு வெளியே இன்னொரு பாதையைத் திறந்துவிட்டிருந்தது. பெரும்பகுதி அவ்வழியே போய்விட, நலிந்த முனைகளின் சுமை குறைந்தது. மானியின் வழியே போவது அற்பமானதால் முள் அசையவில்லை. அது சாகவில்லை; அதற்குக் காட்ட ஒன்றும் இல்லை. நான்கு ஆண்டுகள் தேடி நாங்கள் மாற்றிய மானி பழுதானதே அன்று.

முதியவர் காப்பித் தகரத்தைக் கவிழ்த்தார். ஆணிகளுக்கிடையிலிருந்து சிவப்புக் கம்பியை எடுத்து, மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, முதன்முறையாக அதைப் பார்த்தார். இரண்டு முனைகளும் ஒழுங்காக ஈயப்பற்று வைக்கப்பட்டிருந்தன. பற்றின் மேல் ஈரம் புகாதபடி உறை போடப்பட்டிருந்தது. ஒரு முனையில், விரற்கடை நீளத்திற்கு, மெல்லிய வேறொரு கம்பி கோக்கப்பட்டிருந்தது. மின்சாரம் அளவுக்கு மிஞ்சினால் முதலில் தான் உருகி மற்றவற்றைக் காக்கும் உருகு கம்பி அது.

"பொறுப்பில்லாத பையன் செய்த வேலை இல்லை இது" என்றார். சிறிது நேரம் கழித்து, "எனக்குத் தெரியாமல் போயிற்று" என்றார். அவர் தெரியாதது கம்பியைப் பற்றியா, மகனைப் பற்றியா என்று நான் கேட்கவில்லை.

எனக்கு வேறொரு விளக்கு நினைவில் எரிந்தது. 1999-இல், குருவாகி மூன்றாண்டுகளே ஆன நிலையில், கடலோரச் சிற்றூர் ஒன்றிற்குப் பங்குத் தந்தையாகச் சென்றேன். கோயில் கோபுரத்தில், கடல்நோக்கிய சாளரத்தில், இரவு முழுவதும் ஒரு மஞ்சள் குண்டு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வழிபாட்டு முறை நூல் எதிலும் அதற்கு இடமில்லை, மின்கட்டணம் வேறு. வயது முதிர்ந்த கோயில்பிள்ளையைக் கூப்பிட்டு, நற்கருணைப் பேழை முன் எரியும் விளக்கு ஒன்றே கோயிலுக்குப் போதும் என்று ஒரு சிறு இறையியல் விரிவுரையே நிகழ்த்தினேன். "சரி சாமி" என்றார். அவ்வளவுதான். மூன்றாம் நாள் விடியலில் ஒருவர் வந்தார். "சாமி, கோபுரத்து லைட் பியூஸ் போயிட்டுதா? ரெண்டு மரம் பாறையில ஏறப் பாத்துச்சு." கட்டுமரங்கள் கரை திரும்பும்போது பாறைகளுக்கிடையே உள்ள வழியை அந்த விளக்கைக் கொண்டே குறிவைத்தார்களாம். அன்றிரவே விளக்கை எரியவிட்டேன். ஆனால் கோயில்பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. பங்குத் தந்தை என்ற மதிப்பு குறைந்துவிடும் என்று நினைத்தேன் போலும். அவர் காரணத்தை அன்றே சொல்லியிருக்கலாமே என்று அவர் மேலேயே குறைபட்டுக்கொண்டேன். சொல்வதற்கு நான் இடைவெளி விடவில்லை என்பது அந்த அமெரிக்கக் கொட்டகையில் நின்றபோதுதான் உறைத்தது.

இரண்டாம் வத்திக்கான் பொதுச் சங்கம் 1962 முதல் 1965 வரை கூடியது. ஊற்றுகளுக்குத் திரும்புதல், காலத்திற்கேற்பப் புதுப்பித்தல் என்ற இரண்டையும் அது ஒருசேர நம் முன் வைத்ததாகக் குருமடத்தில் கற்றோம். தேர்வில் இரண்டையும் விளக்கி நல்ல மதிப்பெண்ணும் பெற்றேன். ஆயினும் பணியில், ஊற்று என்பது என் கையிலுள்ள நூல் என்றும், மக்கள் இடையில் சேர்த்ததெல்லாம் ஒட்டுவேலை என்றும் கருதிவிட்டேன். முதியவர் சட்டமிட்டு மாட்டிய தாள் பொய் சொல்லவில்லை. அது முதல் நாளைப் பற்றிய உண்மையைச் சொன்னது. அதற்குப் பின் வந்த நாற்பத்தைந்து ஆண்டுகளின் வெயிலையும் பனியையும் களிம்பையும் அது அறியாது. அவற்றை அறிந்தவன் அந்தக் கம்பியை இட்டவன். ஒரு வீட்டில், ஒரு பங்கில், ஒருவருடைய பழக்கத்தில் நமக்குக் குறையாகத் தெரிவது, எங்கோ ஒரு தீயைத் தடுத்துக்கொண்டிருக்கலாம். எல்லாக் குறையும் அப்படி என்று சொல்லவில்லை. வண்டியில் துருவும் இருந்தது, அதைச் சுரண்டியே தீர வேண்டும். ஆனால் துரு எது, காப்பு எது என்று அறிய வேண்டுமானால் இட்டவரைக் கேட்க வேண்டும். நட்டைக் கழற்றுவதற்கு முன் கேட்க வேண்டும்.

அன்று மாலை முதியவர் அரிசோனாவிற்குத் தொலைபேசியில் பேசினார். நான் எழுந்து போக முயன்றேன்; கையால் இருக்கச் சொன்னார். ஒலிபெருக்கியில் மகனின் குரல் கேட்டது. யாரேனும் இறந்துவிட்டார்களா என்றுதான் முதலில் கேட்டான்.

"நீ அன்றைக்குப் போட்ட கம்பி என்ன கனம்?" என்றார் தந்தை.

நெடுநேரம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு, "எட்டாம் எண் கம்பி, அப்பா. கழற்றிவிட்டீர்களா?"

"கழற்றினேன். கட்டை உருகிவிட்டது."

"உங்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே?"

"இல்லை." சற்று நிறுத்தி, "அன்றைக்கே நீ சொல்லியிருக்கலாம்" என்றார்.

"சொல்ல வந்தேன், அப்பா."

முதியவர் கம்பியை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார். "ஆம். நான்தான் கேட்கவில்லை" என்றார். ஒப்புரவு பற்றி நான் ஆற்றிய மறையுரைகள் எத்தனையோ. அந்த மூன்று சொற்களின் எடை அவற்றில் எதற்கும் இருந்ததாக எனக்கு நினைவில்லை. மகன் விடைபெறும் முன், முனையிலுள்ள உருகு கம்பியை மாற்றாமல் பழையதை மீண்டும் போட வேண்டாம் என்று இரண்டு முறை எச்சரித்தான். அவனும் அதற்கு மேல் எதுவும் பேசவில்லை. அடுத்த வாரம் அவனே கூப்பிட்டான், இணைப்புக் கட்டையைப் பற்றி விசாரிக்க.

2014 ஆகஸ்டில் அவன் வந்தான். ஆண்டுதோறும் அம்மாதத்தின் மூன்றாம் சனிக்கிழமை டெட்ராய்ட்டை அடுத்த உட்வர்ட் சாலையில் பழைய கார்களின் பெரும் பவனி நடைபெறும், 1995-இல் தொடங்கியது. ஆயிரக்கணக்கான வண்டிகள் ஆமைபோல நகர, சாலையோரம் மடக்கு நாற்காலிகளில் மக்கள் அமர்ந்து பார்ப்பார்கள். மகன் ஓட்டினான். தந்தை பக்கத்தில். நான் பின்னிருக்கையில், தாள் கிடைத்த அந்த இடத்தில். வந்த நான்கு நாட்களில் இருவரும் கார்புரேட்டரைப் பற்றி இரண்டு முறை சண்டையிட்டார்கள். பழைய காயமெல்லாம் ஆறிவிட்டது என்று எழுத எனக்கு உரிமையில்லை. ஆனால் ஒன்றைக் கண்டேன். சிவப்புக் கம்பி தன் இடத்திற்குத் திரும்பியிருந்தது. கார்லைலில் பெற்ற புதிய மானியில் முள் நடுவில் அசையாமல் நின்றது. முதியவர் வழியெல்லாம் அதையே பார்த்துக்கொண்டு, நிம்மதியாக அமர்ந்திருந்தார்.

நான் அங்கிருந்த காலத்தில்தான் நம் கோயில்பிள்ளை காலமானார். மடல் வழியே செய்தி அறிந்தேன். 2016-இல் ஊர் திரும்பியபின், நவம்பர் 2-ஆம் நாள், கல்லறைத் திருநாளன்று அந்தக் கடலோர ஊருக்குச் சென்றேன். கல்லறை மணலில் மெழுகுவர்த்தி ஏற்றி, பதினேழு ஆண்டுகளுக்கு முன் கேட்டிருக்க வேண்டியதைக் கேட்டேன். அவர் உயிரோடிருந்தால் "சரி சாமி" என்றுதான் சொல்லியிருப்பார்.

இருட்டியபின் கடற்கரையில் நின்று திரும்பிப் பார்த்தேன். இப்போது படகுகளில் வழிகாட்டும் கருவி வந்துவிட்டது. ஆயினும் கோபுரச் சாளரத்தில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. இன்றைய பங்குத் தந்தை இளைஞர். அதை ஏன் அணைக்கவில்லை என்று கேட்டேன்.

"எதற்காக வைத்தார்கள் என்று பெரியவர்களைக் கேட்டேன், தந்தையே" என்றார்.